எந்தப் பத்து? 8085 வீட்டுப்பாடமும் பாதி சொன்ன கேள்விகளும்

ஆகஸ்ட் 4, மாலை (ஒரு மாணவரின் கேள்வி)

மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நுண்செயலி பாடத்தில் கொடுத்த வீட்டுப்பாடம் இது: “4200 முதல் உள்ள 10 எண்களைக் கூட்டி விடையைச் சேமிக்க 8085 நிரல் எழுதுக.” கேள்வியில் இதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நானும் என் அறை நண்பனும் தனித்தனியாக எழுதினோம். இரண்டு நிரல்களும் கிட்டில் (ஆய்வகத்தில் உள்ள 8085 பயிற்சிப் பலகை) ஓடுகின்றன. ஆனால் விடை ஒன்றாக இல்லை. எது சரி? சரியான நிரலை யாராவது இங்கே போட்டால் நாளைக் காலை சமர்ப்பித்துவிடுவேன்.

ஆகஸ்ட் 4, இரவு

நிரலைப் போடப் போவதில்லை, தம்பி. முதலில் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். 4200 என்ற நினைவக முகவரியிலிருந்து என்னென்ன எண்களைப் போட்டீர்கள்? ஓட்டுவதற்கு முன் விடை இன்னது வரும் என்று தாளில் கணக்குப் போட்டீர்களா? இவை தெரியாமல் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. கேள்வியை எழுதிய ஆசிரியராலும் முடியாது.

கேள்வியை மெதுவாக வாசியுங்கள். 10 எண்கள் என்கிறது. கிட்டின் விசைப்பலகைக்கு ஹெக்ஸ் மட்டுமே தெரியும், அதாவது 0 முதல் 9 வரையும் பிறகு ஏ முதல் எஃப் வரையும் கொண்ட பதினாறின் அடிமான எண்முறை. அதில் 10 என்று அடித்தால் அது 16. பத்து வேண்டுமென்றால் 0ஏ என்று அடிக்க வேண்டும். சி என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் ஒரு பைட் வைக்கும் இடம்) எண்ணிக்கையை வைக்கும் எம்விஐ சி கட்டளையின் குறியீடு 0இ. அதற்கு அடுத்த பைட்டில் உங்களில் ஒருவர் 0ஏ என்றும் மற்றவர் 10 என்றும் அடித்திருந்தால், ஒருவர் பத்து எண்களைக் கூட்டினார், மற்றவர் பதினாறு எண்களைக் கூட்டினார். கூடுதலாக வந்த அந்த ஆறு இடங்களில் முந்தைய வகுப்பில் யாரோ விட்டுப்போன எண்கள் இருந்திருக்கும். அதனால்தான் இரண்டுமே குறையில்லாமல் ஓடுவதுபோல் தெரிகின்றன.

அடுத்தது, ‘எண்கள்’ என்றால் எப்படிப்பட்டவை? சாதாரண எட்டு பிட் எண்களா, பிசிடியா (ஒவ்வொரு அரை பைட்டிலும் ஒரு தசம இலக்கம்), கூட்டல் கழித்தல் குறி உள்ளவையா? கேள்வி சொல்லவில்லை. விடையை எங்கே சேமிப்பது என்றும் சொல்லவில்லை. விடை ஒரு பைட்டா, இரண்டு பைட்டா? அதுவும் இல்லை.

உங்கள் எண்களையும், தாளில் வந்த கூட்டுத்தொகையையும், கிட்டில் தெரிந்ததையும் எழுதுங்கள். பிறகு பேசுவோம்.

ஆகஸ்ட் 5, காலை

மாணவர் பதில் எழுதியிருக்கிறார். நண்பர் அடித்தது 10, இவர் அடித்தது 0ஏ. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் இவருடைய நிரலிலும் ஓட்டை இருக்கிறது. அதை அவரே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு சோதனை மட்டும் கொடுத்தேன்: பத்து இடங்களிலும் எஃப்எஃப் போட்டு ஓட்டுங்கள்.

பத்து முறை 255 என்றால் 2550. ஹெக்ஸில் 09எஃப்6. அவருடைய கிட்டில் எஃப்6 மட்டும் தெரிந்தது. 09 எங்கே போயிற்று? ஒவ்வொரு முறை கேரி (ஒரு பைட்டில் அடங்காமல் மிஞ்சும் ஒன்று) எழுந்தபோதும் அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. அடுத்த ஆட் கட்டளை வந்து அழித்துவிட்டது. “கூட்டி விடையைச் சேமிக்க” என்ற கேள்விக்கு எஃப்6 விடையாகாது. பத்து எட்டு பிட் எண்களின் கூட்டுத்தொகை ஒரு பைட்டுக்குள் அடங்கும் என்ற உறுதியைக் கேள்வி எங்கேயும் தரவில்லை. உறுதி இல்லாத இடத்தில் இரண்டு பைட் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

செய்யும் வழி இதுதான்: பி ரெஜிஸ்டரை முதலில் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் ஜேஎன்சி (கேரி இல்லையென்றால் தாவு) வைத்து, கேரி இருந்தால் மட்டும் ஐஎன்ஆர் பி (பியில் ஒன்று கூட்டு) நடக்கட்டும். கடைசியில் கூட்டல் நடக்கும் ஏ ரெஜிஸ்டர் கீழ் பைட், பி மேல் பைட். சேமிக்கும்போது கீழ் பைட் முதல் முகவரியில், மேல் பைட் அடுத்த முகவரியில். ஏன் இந்த வரிசை என்று வைவாவில் கேட்பார்கள். எஸ்எச்எல்டி கட்டளை எல் ரெஜிஸ்டரை முதல் முகவரியிலும் எச் ரெஜிஸ்டரை அடுத்த முகவரியிலும் வைக்கிறது. எல்எச்எல்டி அதே வரிசையில் திரும்ப எடுக்கிறது. நீங்கள் சேமித்த விடையை நாளை இன்னொரு நிரல் எல்எச்எல்டி போட்டு எடுக்கும் என்று நினைத்து வையுங்கள்.

ஆகஸ்ட் 5, பிற்பகல்

இதற்குள் வேறொரு நண்பர் இந்த இழையில் முழு நிரலையும் போட்டுவிட்டார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய நிரலை வாசித்துப் பாருங்கள். எண்ணிக்கையை 4200இலிருந்தே எடுக்கிறது, எண்கள் 4201இல் தொடங்குகின்றன, விடை 4300இல் போய் உட்காருகிறது. பல புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும். ஆனால் கேள்வி, எண்கள் 4200இலிருந்தே தொடங்குகின்றன என்கிறது. மாணவரிடம் முதலில் ஒத்துப்போகாத இரண்டு நிரல்கள் இருந்தன. இப்போது மூன்று இருக்கின்றன.

கேட்டவுடன் நிரல் எழுதிக்கொடுக்கும் மென்பொருள்களிலும் இதையே பார்க்கிறேன். எந்த அனுமானத்தின் மேல் நிரல் நிற்கிறது என்று சொல்லாமலே தந்துவிடுகின்றன. மாணவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

ஆகஸ்ட் 5, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. எண்ணிக்கையை நினைவகத்திலிருந்து எடுக்கும் நிரலில் அங்கே 00 இருந்தால் என்ன ஆகும்? டிசிஆர் சி பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்து எஃப்எஃப் ஆக்கும். அது பூஜ்யமில்லை என்பதால் ஜேஎன்இசட் மீண்டும் மேலே போகும். ஆக 256 முறை சுற்றும். எண்ணே இல்லை என்று சொன்னால் 256 எண்களைக் கூட்டித் தரும் நிரல் அது. சுழற்சிக்குள் நுழையும் முன்பே பூஜ்யமா என்று பார்த்துவிடுங்கள். அதற்கு ஒன்று நினைவில் இருக்கட்டும்: மூவ் கட்டளை எந்த ஃபிளாக்கையும் (முந்தைய கணக்கின் விளைவைக் காட்டும் ஒரு பிட் குறிப்பு) தொடாது. எண்ணிக்கையை ஏவுக்குக் கொண்டுவந்து ஓஆர்ஏ ஏ போட்டால்தான் பூஜ்ய ஃபிளாக் உண்மையைச் சொல்லும்.

ஆகஸ்ட் 7

ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் வாதம் இது: “மாணவன் நாளை சமர்ப்பிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளதைத்தான் தேர்வாளர் எதிர்பார்க்கிறார். அதைக் கொடுத்துவிட்டுப் போவதை விட்டு ஏன் இத்தனை கேள்வி?”

அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஒரு செமஸ்டரில் எத்தனை பாடம், எத்தனை ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு எத்தனை ஓட்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் உடன்பட முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் படித்த கல்லூரியில் ஐந்து எண்களைக் கூட்டும் நிரல் ஒன்று சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து வழிவழியாக வந்துகொண்டிருந்தது. தரவும் மாறாது: 01, 02, 03, 04, 05. விடை 0எஃப். மொத்த வகுப்பும் அதையே எழுதியது. செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் என் பக்கத்து மேசை நண்பனிடம் வந்தார். எதுவும் பேசாமல் முதல் எண்ணை அழித்துவிட்டு எஃப்5 என்று அடித்தார், ஓட்டச் சொன்னார். திரையில் 03 வந்தது. “இருநூற்று நாற்பத்தைந்தோடு பதினான்கைக் கூட்டினால் மூன்றா?” என்று கேட்டார். அவ்வளவுதான். கோபப்படவில்லை, மதிப்பெண்ணைக் குறைக்கப் போவதாக மிரட்டவில்லை. அவன் பதில் தெரியாமல் நின்றான். நாங்கள் மற்ற மேசைகளில் தலையைக் குனிந்துகொண்டோம்.

அந்த நிரலில் கட்டளைப் பிழை ஒன்றுகூட இல்லை. ‘கூட்டுத்தொகை ஒரு பைட்டுக்குள் அடங்கும்’ என்ற அனுமானம் அதற்குள் புதைந்து கிடந்தது. அது அனுமானம் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. புத்தக நிரலைக் கொடுத்துவிட்டுப் போகும்போது இந்த அறியாமையையும் சேர்த்தே கொடுக்கிறோம். மதிப்பெண் வரும், எஃப்5 வரும்போது மாணவன் தனியாக நிற்பான்.

ஆகஸ்ட் 8

பிசிடி பற்றி ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அவருக்குக் கொடுத்த கேள்வி “38, 45 ஆகியவற்றைக் கூட்டுக” என்பது மட்டும். அவர் எழுதிய நிரல் 7டி என்று தருகிறது. வகுப்பில் 83 என்றார்களாம்.

இரண்டுமே சரியான கூட்டல்தான். 38, 45 இரண்டும் ஹெக்ஸ் என்றால் 7டி. இரண்டும் பிசிடி, அதாவது ஒவ்வொரு அரை பைட்டும் ஒரு தசம இலக்கம் என்றால், கூட்டியவுடன் விடையைத் தசம இலக்கங்களாகத் திருத்தும் டிஏஏ போட வேண்டும், விடை 83. கேள்வியில் இல்லாததை மாதிரி விடை சொல்லிவிடுகிறது பாருங்கள். வகுப்பில் ‘83’ என்று காதில் விழுந்திராவிட்டால் இந்த மாணவிக்குத் தெரிந்துகொள்ள வேறு வழியே கிடையாது.

தொடர்ந்து அவர் கேட்டது இன்னும் நல்ல கேள்வி: “கழித்தலுக்குப் பிறகும் டிஏஏ போடலாமா?” போடக் கூடாது. 8085இன் டிஏஏ கூட்டலுக்குப் பின் மட்டுமே சரியாக வேலை செய்யும். முந்தைய கணக்கு கழித்தலா கூட்டலா என்று நினைவில் வைத்துக்கொள்ள அதில் ஃபிளாக் இல்லை. இசட்80 என்ற நுண்செயலியில் அதற்கென்றே ஒன்று உண்டு, அதனால் அங்கே கழித்தலுக்குப் பின்னும் டிஏஏ செல்லும். 8085இல் பத்தின் நிரப்பி (இங்கே 100இலிருந்து எண்ணைக் கழித்தால் வருவது) வழியாகச் சுற்றிப் போக வேண்டும். கழிபட வேண்டிய எண் பியிலும், எதிலிருந்து கழிக்கிறோமோ அது சியிலும் இருக்கட்டும்:

எம்விஐ ஏ, 99
சப் பி
ஐஎன்ஆர் ஏ
ஆட் சி
டிஏஏ

72இலிருந்து 48ஐக் கழித்துப் பாருங்கள். 99இலிருந்து 48 போனால் 51. ஒன்று கூட்டினால் 52. அதோடு 72ஐக் கூட்டினால் சி4. டிஏஏ அதை 24 ஆக்கி கேரியை எழுப்பும். கேரி எழுந்தால் விடை எதிர்மறை இல்லை என்று பொருள். எழாவிட்டால் சிறிய எண்ணிலிருந்து பெரியதைக் கழித்திருக்கிறீர்கள். வந்திருப்பது பத்தின் நிரப்பி. அப்போது என்ன செய்வது என்று கேள்வி சொல்லியிருக்கிறதா? அனேகமாக இருக்காது. அதையும் கேளுங்கள்.

முழு நிரல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு இதைப் போடுகிறேனே என்று சிலருக்குத் தோன்றலாம். இது வீட்டுப்பாடத்துக்கான விடை இல்லை. 8085க்கு ஒரு கருவி குறைகிறது, அது இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்ற செய்தி. இப்படிப்பட்டதைத் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கேள்வியின் பொருளை முடிவு செய்யும் வேலையை மட்டும் மாணவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 10

“வரிசையில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடி.” இந்த ஒரு வரி ஆண்டுதோறும் வருகிறது, ஆண்டுதோறும் மாணவர்களைக் கவிழ்க்கிறது.

எஃப்எஃப், 01 என்ற இரண்டில் எது பெரியது? குறி இல்லை என்றால் எஃப்எஃப், அதாவது 255. குறி உண்டு என்றால் எஃப்எஃப் என்பது கழித்தல் ஒன்று, 01தான் பெரியது. புத்தகங்கள் பெரும்பாலும் குறியற்றதாகவே எடுத்துக்கொள்கின்றன. ஏவை இன்னொரு எண்ணோடு ஒப்பிடும் சிஎம்பி போட்டபின் கேரி எழுந்தால் ஏவில் இருப்பது சிறியது. ஆகவே கேரியைப் பார்த்துத் தாவும் ஜேசி, ஜேஎன்சி. இதுவரை சிக்கலில்லை.

சிக்கல், ‘சிறியது என்றால் கழித்தால் எதிர்மறை வரும்’ என்று யோசித்து மாணவர், மேல் பிட் 1 என்றால் தாவும் ஜேஎம் போடும்போது தொடங்குகிறது. ஏவில் எஃப்0, பியில் 10. கழித்தால் இ0, மேல் பிட் 1. ஜேஎம் பாய்ந்து, 240 என்பது 16ஐவிடச் சிறியது என்று முடிவு கட்டிவிடும். தரவில் எல்லாமே 7எஃப்புக்குக் கீழே இருந்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது. ரெக்கார்டு நோட்டில் உள்ள மாதிரித் தரவு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

குறி உள்ள எண்களுக்கு ஜேஎம் சரியா என்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. 7எஃப்பிலிருந்து எஃப்எஃப்பைக் கழியுங்கள். 127இலிருந்து கழித்தல் ஒன்றைக் கழித்தால் 128 வர வேண்டும். எட்டு பிட்டில் குறியுடன் அது அடங்காது, 80 என்று வந்து மேல் பிட் எழுந்துவிடும். ஜேஎம் இங்கேயும் பொய் சொல்லும். வழி சுலபம்: ஒப்பிடும் முன் இரண்டு எண்களையும் எக்ஸ்ஆர்ஐ 80 செய்துவிடுங்கள். மேல் பிட் புரண்டு, குறியுள்ள எண்களின் வரிசை குறியற்ற எண்களின் வரிசையாக மாறிவிடும். பிறகு வழக்கமான சிஎம்பி, ஜேசி போதும். விடையைச் சேமிக்கும் முன் மீண்டும் ஒருமுறை எக்ஸ்ஆர்ஐ 80.

ஆகஸ்ட் 10, இரவு

ஒருவர், 8085இல் வழிதலை (குறியுள்ள விடை எட்டு பிட்டில் அடங்காததை) காட்டும் ஃபிளாக் உண்டே, இன்டெல் அறிவிக்காமல் விட்ட 10 கட்டளைகளில் அதைச் சார்ந்து தாவுகிற ஒன்றும் உண்டே என்று நினைவூட்டியிருக்கிறார். உண்மைதான், படிக்கச் சுவையான விஷயம். ஆனால் வீட்டுப்பாடத்தில் பயன்படுத்தாதீர்கள். பல சிமுலேட்டர்களுக்கு அவை தெரியாது. திருத்துகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகஸ்ட் 11

“4200இல் உள்ள 10 எண்களை 4205க்கு நகர்த்துக.” இதைக் கேட்ட மாணவருக்குத் தாளில் பத்துக் கட்டங்கள் வரைந்து 1 முதல் 10 வரை எழுதி, பென்சிலால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. முன்னாலிருந்து நகர்த்தினால் ஆறாவது எண்ணை எடுக்கப் போகும்போது அங்கே ஏற்கெனவே 1 வந்து உட்கார்ந்திருக்கும். முடிவில் 1, 2, 3, 4, 5, மறுபடி 1, 2, 3, 4, 5. பின்னாலிருந்து, 4209இலிருந்து 420இக்கு என்று தொடங்கி இறங்கி வந்தால் எல்லாம் பிழைக்கும்.

கேள்வி எழுதியவர் இதை நினைத்துத்தான் 4205 என்று எழுதினாரா, அல்லது கைக்கு வந்த முகவரியா? தெரியாது. நகர்த்திய பின் பழைய இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. ஏறும் பகுதியைச் சரியாகக் கையாளும் நிரல், ஏறாத பகுதிக்கும் சரியாகவே இருக்கும். ஆகவே இங்கே விரிந்த பொருளை எடுத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 13

ஒரு நொடி தாமதம் தரும் நிரல். கிட்டின் கிரிஸ்டல் (செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்புக் கருவி) என்ன என்று கேள்வி சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. ஆனாலும் தாள்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் இதில் அழகு இருக்கிறது. சுழற்சி: டிசிஎக்ஸ் பி (பி, சி ஜோடியில் ஒன்று குறை), மூவ் ஏ பி, ஓஆர்ஏ சி, ஜேஎன்இசட். டி நிலைகள் (ஒவ்வொரு கட்டளையும் எடுக்கும் கடிகாரத் துடிப்புகள்) முறையே 6, 4, 4, 10. மொத்தம் 24. 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட கிட்டில் 8085 அதை உள்ளே இரண்டால் வகுத்து 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 7.8125 மைக்ரோ நொடி. 64000 சுற்றுக்குச் சரியாக அரை நொடி. 64000 ஹெக்ஸில் எஃப்ஏ00. இரண்டு முறை ஓட்டினால் ஒரு நொடி. நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் சேரும் சில டி நிலைகள் கண்ணுக்குத் தெரியாது. இதே நிரலை 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட கிட்டில் ஓட்டினால் ஒன்றரை நொடியைத் தாண்டிவிடும். நிரலில் ஒரு பைட்கூட மாறவில்லை.

மூவ், ஓஆர்ஏ இரண்டும் எதற்கு என்று கேட்காமல் அவற்றை வெட்டிவிடும் மாணவர்களைப் பார்க்கிறேன். டிசிஎக்ஸ் எந்த ஃபிளாக்கையும் மாற்றாது. அந்த இரண்டும் இல்லாவிட்டால், உள்ளே வந்தபோது பூஜ்ய ஃபிளாக் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்: ஒன்று முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும், அல்லது எப்போதும் வெளியே வராது.

ஆகஸ்ட் 14

என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்டார். கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை எழுதுகிறேன். அங்கே வரும் தேவைகள் கல்லூரிக் கேள்விகளைவிடத் தெளிவாக இருப்பதில்லை. “வெப்பம் 80ஐத் தாண்டினால் மோட்டாரை நிறுத்து” என்று வரும். சரியாக 80 என்றால்? 79க்கு இறங்கினால் மறுபடி ஓட்டுவதா? அப்படிச் செய்தால் 79க்கும் 81க்கும் இடையே மோட்டார் துடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மறுபடி ஓட்ட எத்தனை பாகை இறங்க வேண்டும்? உணர்கருவியின் கம்பி அறுந்தால்? இவற்றைக் கேட்டு எழுதி வாங்குவதுதான் பாதி வேலை. கேட்கக் கூச்சப்படும் இளம் பொறியாளர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்ற பயத்தைக் கல்லூரியிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஆசிரியரிடம் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. “கேள்வி புரியவில்லை, சார்” என்று போய் நின்றால் அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. இப்படிக் கேளுங்கள்: “சார், எண்கள் குறியற்ற எட்டு பிட், எண்ணிக்கை தசமப் பத்து, விடை இரண்டு பைட், 4300இல் கீழ் பைட் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லாமே எஃப்எஃப் என்றால் 4300இல் எஃப்6, 4301இல் 09 வர வேண்டும். சரிதானே?” தலையசைத்தாலே போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு தலையசைப்பார்கள்.

ஆகஸ்ட் 15

தேர்வு அறையில் கேட்க முடியாதே என்கிறார்கள். 5ஆம் தேதிக் குறிப்பிலும் 11ஆம் தேதிக் குறிப்பிலும் விரிந்த பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பைட் விடை ஒரு பைட் விடையை உள்ளடக்கும். ஏறும் பகுதி ஏறாத பகுதியை உள்ளடக்கும். அங்கே விரிந்ததை எடுங்கள். ஆனால் பிசிடிக்கும் ஹெக்ஸுக்கும் இடையே விரிந்தது என்று ஒன்று இல்லை. குறி உள்ளது, குறியற்றது என்பதும் அப்படியே. அங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிரலுக்கு மேலே இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும்: இன்னதாக எடுத்துக்கொண்டேன், இன்ன தரவுக்கு இன்ன விடை. திருத்துகிறவர் வேறு பொருளை நினைத்திருந்தாலும், அந்த இரண்டு வரி இருந்தால் உங்கள் நிரலை அதன் சொந்த அளவுகோலில் அளக்க அவருக்கு வழி இருக்கிறது. இல்லாவிட்டால் அவர் கண்ணில் அது வெறும் தவறு.

இன்னொன்று, ஃபேக்டோரியல். 5க்கு 120, ஒரு பைட் போதும். 6க்கு 720, இரண்டு பைட் வேண்டும். 8க்கு 40320, இரண்டு பைட்டில் இன்னும் அடங்கும். 9க்கு 362880, அடங்காது. கேள்வியில் எல்லை இல்லையென்றால் ‘8 வரை’ என்று நீங்களே எல்லை போட்டு, அதற்கு மேல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். இங்கே முடிவில்லாமல் விரித்துக்கொண்டே போக முடியாது.

ஆகஸ்ட் 17

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள், முழு மரியாதையோடு. கேள்விக்குக் கீழே தரவு அட்டவணை ஒன்றைச் சேருங்கள். மூன்று வரி போதும்: சாதாரணமான ஒன்று, கேரி எழும் ஒன்று, பூஜ்யமோ எல்லையோ வரும் ஒன்று. வேண்டுமென்றே கேள்வியைத் திறந்து விடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்: “உங்கள் அனுமானத்தை எழுதி நிரூபியுங்கள், அதற்கு மதிப்பெண் உண்டு.” அப்படி விட்டால் அது அருமையான கேள்வி. சொல்லாமல் விட்டுவிட்டு, மனத்தில் இருந்த ஒரே பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடுவதுதான் மாணவரைப் புண்படுத்துகிறது.

7ஆம் தேதி எழுதிய பேராசிரியர் மீண்டும் வந்து, அடுத்த தாளில் அட்டவணை சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மனமார்ந்த நன்றி, ஐயா.

ஆகஸ்ட் 19

8086 நுண்செயலி படிக்கும் ஒருவர்: அதே வரியை மாஸ்ம் என்ற அசெம்ப்ளரில் (நிரலை இயந்திரக் குறியீடாக்கும் மென்பொருள்) ஓட்டினால் எண் வருகிறது, நாஸ்ம் என்ற இன்னொன்றில் ஓட்டினால் வேறு ஏதோ வருகிறது. காரணம் சிறியது. மாறியின் பெயரை மட்டும் மூவ் கட்டளையில் எழுதினால் மாஸ்ம் அதன் உள்ளடக்கத்தை எடுக்கும். நாஸ்ம் அதன் முகவரியை எடுக்கும். நாஸ்மில் உள்ளடக்கம் வேண்டுமென்றால் பெயரைச் சதுர அடைப்புக்குள் வைக்க வேண்டும். கேள்வியில் எந்த அசெம்ப்ளர் என்று இல்லையென்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். 8051 மாணவர்களுக்கும் இதே குழி இருக்கிறது: 30க்கு முன்னால் எண் குறி (#) போட்டால் 30 என்ற எண், போடாவிட்டால் 30 என்ற முகவரியில் இருப்பது. கைப்பிரதியில் அந்தக் குறி அழிந்துபோயிருந்தால் கேள்வியே மாறிவிடும்.

ஆகஸ்ட் 20

நிரலின் கடைசியில் எச்எல்டியா, ஆர்எஸ்டியா என்ற கேள்விக்கு: கிட்டைப் பொறுத்தது. எச்எல்டி செயலியை நிறுத்திவிடும். ரீசெட் அழுத்தி விடையைப் பார்க்க வேண்டும். சில கிட்களில் ஆர்எஸ்டி 1, சிலவற்றில் ஆர்எஸ்டி 5 மானிட்டருக்கு (கிட்டை இயக்கும் உள்நிரல்) திருப்பி அனுப்பும். உங்கள் ஆய்வகக் கையேட்டைப் பாருங்கள்.

கிட்டில் ஓடிய நிரல் சிமுலேட்டரில் சிதறுகிறது என்ற புகாருக்கும் இங்கேயே பதில். உங்கள் நிரலில் துணைநிரலை அழைக்கும் கால் கட்டளை இருக்கிறது, ஆனால் திரும்பும் முகவரியை எங்கே வைப்பது என்று காட்டும் ஸ்டாக் பாயின்டரை நீங்கள் எங்கேயும் அமைக்கவில்லை. கிட்டில் மானிட்டர் அதை அமைத்து வைத்திருக்கும். சிமுலேட்டரில் அப்படி யாரும் அமைத்து வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. முதல் வரியிலேயே எல்எக்ஸ்ஐ எஸ்பி போடுங்கள். ஸ்டாக் கீழ்நோக்கி வளரும், எழுதும் முன் ஒன்று குறைத்துக்கொள்ளும். 4210 என்று அமைத்தால் முதல் கால் கட்டளையே 420எஃப், 420இ இரண்டையும் அழித்துவிடும். அங்கே உங்கள் தரவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.